ரிங் போயிடுச்சா, போர் போயிடுச்சா?

காலை ஒன்பது மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரை வந்து பாருங்கள். சானடோரியம் தாண்டுவதற்குள் நீலப் புகை விட்டுக்கொண்டு ஒரு பைக்காவது, ஒரு ஆட்டோவாவது முன்னால் போகும். பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டே டாக்டர் ஆகிவிடுவார்கள். "ரிங் போயிடுச்சுப்பா!" உடனே மருந்துச் சீட்டும் ரெடி. "ஒரு ரிங் செட் வாங்கிப் போட்டா சரியாயிடும்."

இந்த வைத்தியம் பல சமயம் பலிக்காது. புது ரிங் போட்டு நாலு மாசத்தில் மறுபடியும் அதே புகை. ஏன்? எங்க மாமாவின் புல்லட்டை மேற்குத் தாம்பரத்தில் ஒரு மெக்கானிக் அண்ணன் பிரித்து மாட்டியபோது பக்கத்தில் உட்கார்ந்து (கொஞ்சம் கையில் கிரீஸும் பூசிக்கொண்டு) பார்த்ததில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க :-)

முதலில் புகை. கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போய் முழுசாக எரியவில்லை. குளிர்காலக் காலையில் கிளப்பியதும் வெள்ளையாகக் கொஞ்சம் வந்து நின்றுபோனால் அது வெறும் நீராவி, பயமில்லை. நீலமாக வந்தால்தான் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். அந்த ஆயில் மேலே வர இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வால்வு கைடு தேய்ந்து ஹெட் பக்கமிருந்து கசிவது. இன்னொன்று, பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழேயிருந்து ஏறுவது. ஆக, நீலப் புகை என்றாலே ரிங்தான் என்று சொல்வதே முதல் அவசரம்.

இந்த ரிங் என்னதான் செய்கிறது? பிஸ்டன் அலுமினியம். சிலிண்டர், பழைய புல்லட்டில், வார்ப்பிரும்பு. சூடானால் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் பிஸ்டனைச் சிலிண்டருக்குக் கச்சிதமாகச் செய்ய முடியாது. செய்தால் சூட்டில் இறுகிக்கொண்டு 'சீஸ்' ஆகிவிடும். கொஞ்சம் இடைவெளி விட்டே ஆகவேண்டும். விட்டால் எரிந்த வாயு அதன் வழியாகக் கீழே ஓடும், ஆயில் மேலே ஏறும். இந்த இடைவெளியை அடைக்கத்தான் ரிங். புல்லட் 350-ல் மூன்று ரிங். மேலே இரண்டு கம்ப்ரஷன் ரிங், கீழே சுவரில் இருக்கும் ஆயிலை வழித்துவிடும் ஆயில் ரிங் ஒன்று. அடைப்பது மட்டும் இல்லை, பிஸ்டன் தலையில் ஏறும் சூட்டில் பெரும்பகுதியைச் சிலிண்டர் சுவருக்குக் கடத்துவதும் இந்த ரிங்குகள்தான்.

நீராவி இன்ஜின் காலத்தில் பிஸ்டனைச் சுற்றி சணல் கயிறு திணித்து அடைத்தார்கள். 1850-களில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற இங்கிலாந்து ரயில் இன்ஜினீயர்தான் ஒரு இடத்தில் வெட்டுவிட்ட, வில் மாதிரி விரிந்து நிற்கிற உலோக வளையத்தைக் கொண்டுவந்தார். இன்று உங்க ஸ்கூட்டிக்குள் இருப்பதும் அடிப்படையில் அதே யோசனைதான். வெட்டு இருப்பதால் வளையத்தை விரித்துப் பள்ளத்தில் மாட்ட முடிகிறது. மாட்டியபிறகு அது தானாக வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு சுவரைத் தொட்டபடி இருக்கிறது.

நான் ரொம்ப நாளாக இந்த வில் விசைதான் அடைக்கிறது என்று நினைத்திருந்தேன். அது ஆரம்பத் தொடர்புக்கு மட்டும்தான். உண்மையில் அடைப்பது எரியும் வாயுவே. வாயு ரிங்கின் மேல் பக்கத்தில் இருக்கும் நூலிழை இடைவெளி வழியாகப் பள்ளத்துக்குள் புகுந்து, ரிங்கின் முதுகுக்குப் பின்னால் நின்று, அதைச் சுவரோடு சேர்த்துத் தள்ளுகிறது. அழுத்தம் கூடக்கூட அடைப்பும் கூடுகிறது. அதனால் ரிங் பள்ளத்தில் தாராளமாக அசையவேண்டும். கரி பிடித்து ஒட்டிக்கொண்டால் புது ரிங்கும் செத்த ரிங்தான்.

இப்ப உள்ளூர்ப் பெருமை கொஞ்சம். இந்த ரிங் ஏதோ ஜப்பானிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ மட்டும் வருகிற பொருள் இல்லை. தாம்பரத்தில் செங்கல்பட்டு லோக்கல் ஏறினால் கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர் தாண்டி மறைமலை நகர். அங்கேதான் ஐ.பி. ரிங்ஸ் தொழிற்சாலை இருக்கிறது. 1991-ல் தொடங்கிய கம்பெனி, நிப்பான் பிஸ்டன் ரிங் என்ற ஜப்பான் நிறுவனத்தின் தொழில்நுட்ப உறவோடு. அதன் தாய்வீடு வடசென்னை செம்பியத்தில் 1949-ல் வந்த இந்தியா பிஸ்டன்ஸ், அமால்கமேஷன்ஸ் குழுமம். அதே 1949-ல்தான் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. ஆரம்பித்து ஆட்டோமொபைல் இன்ஜினீயரிங் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். நடுவில் பெருங்களத்தூர்–வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் ஹெரால்டு கார் செய்தது, 1980-களின் கடைசியில் மூடிவிட்டது. ஒரே ரோட்டில் படிக்க ஒரு காலேஜ், கார் செய்ய ஒரு கம்பெனி, ரிங் செய்ய ஒரு கம்பெனி! புல்லட்டும் நம்ம ஊர்தான். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தது, தொழிற்சாலை திருவொற்றியூரில். இத்தனையும் இருக்கிற ஊரில் ஒரு ரிங்கைச் சரியாகப் போட்டுக்கொள்வதற்கு மட்டும் நாம் அதிர்ஷ்டத்தை நம்பிக்கொண்டிருக்கிறோம்.

சரி, மாமா கதைக்கு வருவோம்.

மாமா ரயில்வேயிலிருந்து ரிட்டயர் ஆனவர். சேலையூரில் வீடு. 1987 மாடல் புல்லட் 350, அவர் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் வாங்கியது. ரயில்வே பழக்கம், எல்லாவற்றுக்கும் நோட்டு போடுவார். புல்லட்டுக்கும் ஒரு நோட்டு உண்டு. அதில் இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை "புது ரிங் செட்" என்று எழுதியிருந்தது. இரண்டு தடவையும் ஒரே பட்டறை. ஒவ்வொரு தடவையும் நாலைந்து மாசம் புகை நின்றிருக்கிறது. அப்புறம் பக்கத்துக்குப் பக்கம் "ஆயில் ஊத்தினது கால் லிட்டர்", "ஆயில் ஊத்தினது அரை லிட்டர்." பிள்ளையார் கோயில் பக்கம் நிறுத்தினால் கடைக்காரர் எழுந்து வந்து "சார், கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கோங்க" என்று சொல்கிற அளவுக்குப் புகை. அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "இன்னொரு தடவை இந்த வண்டிக்குக் காசு குடுத்துப் புகை வந்தா, காயலான் கடைக்காரனை நானே கூப்பிடுவேன்." அத்தை சொன்னால் செய்கிறவர். அதனால் இது மாமாவுக்குக் கடைசி வாய்ப்பு.

மாமா ஜி.பி. ரோட்டுக்கே போய் மூன்றாவது ரிங் செட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பாக்கெட்டோடு முடிச்சூர் ரோட்டுப் பக்கம் வேறொரு மெக்கானிக்கிடம் போனோம். கடை சின்னது. தகரக் கூரை, இரண்டு பேர். அண்ணன் பாக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு பிரிக்காமல் மேஜைமேல் வைத்தார்.

"சார், போர் அளந்தாங்களா போன தடவை?"

"தெரியலயேப்பா. ரிங் மாத்தினாங்க."

"ரிங்கு புதுசு சார். ரிங்கு ஓடுற ரோடு பழசு. குண்டும் குழியுமா இருக்கிற ரோட்டுல புது டயர் போட்டு என்ன சார் புண்ணியம்?"

(போர் என்றால் சண்டை இல்லை. சிலிண்டரின் உள்துளை. நம்ம ஊர் மெக்கானிக்குகள் சிலிண்டரையே 'போர்' என்றுதான் சொல்வார்கள்.)

பிரிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கம்ப்ரஷன் கேஜை வைத்து, ஆக்சிலேட்டரை முழுசாகத் திருப்பிக் கிக்கர் அடித்தார். ஒரு எண் வந்தது. பிறகு அதே ஓட்டையில் ஒரு ஸ்பூன் அளவு ஆயில் ஊற்றி மறுபடி அடித்தார். முள் நன்றாக மேலே ஏறியது. ஊற்றின ஆயில் ரிங்கைச் சுற்றி இறங்கி ஓட்டையைத் தற்காலிகமாக அடைக்கிறது. அதனால் எண் ஏறினால் கசிவு ரிங்–போர் பக்கம். ஏறாமல் அப்படியே நின்றால் வால்வு பக்கம். எவ்வளவு எளிமையான சோதனை! இதைச் செய்துவிட்டுப் பிரித்தால் பாதி சந்தேகம் தீர்ந்துபோகிறது.

டேங்கை இறக்கி, ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரை மேலே உருவினார்கள். உருவும்போதே கிராங்க் கேஸ் வாயில் பனியன் வேஸ்ட்டைத் திணித்துவிட்டார் அண்ணன். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சின்ன கிளிப் கைதவறி உள்ளே விழுந்தால் மொத்த இன்ஜினையும் பிரிக்கவேண்டும். மேல் ரிங் இரண்டு துண்டாக இருந்தது. துண்டின் முனை சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டிருந்தது. நகத்தை ஓட்டினால் தடுக்குகிற கோடு.

அடுத்து அவர் செய்ததுதான் இந்தப் பதிவை எழுதவே காரணம்.

மாமா வாங்கி வந்த பாக்கெட்டைப் பிரித்து ஒரு புது ரிங்கை எடுத்தார். பிஸ்டனில் மாட்டவில்லை. வெறும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் சாயாமல் தள்ளி அடிப்பகுதிக்குக் கொண்டுபோனார். அங்கே ரிங் ஓடுவதே இல்லை, அதனால் தேய்மானமும் இல்லை. ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் ஃபீலர் கேஜ் தகடை விட்டுப் பார்த்தார். 0.30 மி.மீ. அதே ரிங்கை மேலே கொண்டுவந்து, விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வைத்து மறுபடி அளந்தார். 0.95 மி.மீ.!

"தம்பி, காலேஜ் படிக்கிறீங்கல்ல, வித்தியாசத்தை 3.14-ஆல வகுங்க."

0.65-ஐ வகுத்தால் 0.2 மி.மீ. சொச்சம். ரிங்கின் இடைவெளி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு சுற்றளவு கூடியிருக்கிறது. சுற்றளவு என்பது விட்டத்தைப் போல 3.14 மடங்கு. ஸ்கூலில் மனப்பாடம் பண்ணிப் பரீட்சையில் எழுதி மறந்துபோன அதே பை! போர் மேல்பக்கம் 0.2 மி.மீ. அகன்றுவிட்டது. விலை உயர்ந்த டயல் கேஜ் இல்லாமல், ஒரு புது ரிங், ஒரு ஃபீலர் கேஜ், ஒரு வகுத்தல் கணக்கு. (டயல் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. முன்–பின் திசையில் எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லும். பிஸ்டன் முன்–பின் திசையில்தான் சுவரை அழுத்துகிறது, அங்கேதான் அதிகம் தேயும். அண்ணன் லேத் பட்டறையில் அதையும் பார்க்கச் சொன்னார்.)

0.2 மி.மீ. என்பது இரண்டு மூன்று தலைமுடித் தடிமன். அதற்கா இவ்வளவு அலட்டல் என்று நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். புல்லட் 350-ன் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. ஒரு சுற்றுக்கு ரிங் 90 மேலே, 90 கீழே, ஆக 18 செ.மீ. உரசுகிறது. நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடினால் 540 மீட்டர். ஒரு மணி நேரத்துக்கு 32 கிலோமீட்டருக்கு மேல்! வண்டி ரோட்டில் ஓடுகிற தூரத்தில் ஏறக்குறைய பாதியை ரிங்கும் சுவரில் உரசியபடி ஓடித் தீர்க்கிறது. கூம்பு மாதிரி ஆகிவிட்ட போரில், ஒவ்வொரு தடவை மேலே போகும்போதும் ரிங் 0.65 மி.மீ. விரிந்து, கீழே வரும்போது சுருங்கவேண்டும். ஒரு நொடிக்கு 50 தடவை. எந்த வில்லும் களைத்துப்போகும்.

ஏன் மேல்பக்கம் மட்டும் தேய்கிறது? வெடிப்பின் அழுத்தமும் சூடும் அங்கேதான் உச்சம், ஆயில் போய்ச் சேர்வதும் அங்கேதான் குறைவு. போதாக்குறைக்குப் பிஸ்டன் அந்த இடத்தில் ஒரு கணம் நின்று திரும்புகிறது. நிற்கும்போது ஆயில் படலம் அறுந்துபோகும். ரிங் எட்டாத மேல்விளிம்பு மட்டும் தேயாமல் ஒரு படிக்கட்டு போல நிற்கும். விரல் வைத்துப் பார்த்தால் தெரிந்தது. பழைய ரிங் இந்தப் படிக்கட்டுக்கு ஏற்றாற்போல் தன் முனையை மழுக்கிக்கொண்டிருந்திருக்கும். புது ரிங்கின் கூரான விளிம்பு நேராகப் போய் அதில் இடிக்கும். மேல் ரிங் துண்டானதற்கு இதுதான் காரணம் என்றார் அண்ணன்.

ஆக, போன இரண்டு தடவையும் ரிங் மோசம் இல்லை. புது ரிங் போட்டதால் கொஞ்ச நாள் புகை நின்றதும் உண்மை. ஆனால் ரிங்குக்குக் கீழே இருந்த வியாதி அப்படியே இருந்தது. ஒவ்வொரு தடவையும் ரிங் காசு, கூலி, நாலு மாசம் நிம்மதி, மறுபடி புகை.

மாமா முகம் சுருங்கிவிட்டது. ரீபோர், புது பிஸ்டன், புது ரிங், லேத் கூலி எல்லாம் சேர்ந்தால் வெறும் ரிங் செட்டைப் போலப் பல மடங்கு. வீட்டில் அத்தை வேறு. "இதையே ஒரு தடவை போட்டு ஓட்டிப் பாக்கலாமாப்பா?" என்றார் மெதுவாக. அண்ணன் கோபப்படவில்லை. "போட்டுத் தர்றேன் சார், கூலி வாங்கிக்கிறேன். அஞ்சு மாசம் கழிச்சு என் கடை வாசல்லயும் தள்ளி நிறுத்தச் சொல்வேன், பரவாயில்லையா?" மாமா சிரித்துவிட்டார். நோட்டை எடுத்துப் போன இரண்டு தடவைச் செலவையும், இரண்டு வருஷம் ஊற்றின ஆயிலையும் கூட்டினார். கூட்டல் முடிந்ததும் ஒன்றும் பேசாமல் "செய்ப்பா" என்றார்.

அடுத்து லேத் பட்டறை. 0.010 இன்ச் ஓவர்சைஸ் என்றால் 0.25 மி.மீ. கூடுதல். தேய்மானம் ஒரே பக்கமாக இருப்பதாலும் அந்தக் கோடு ஆழமாக இருந்ததாலும் அதில் சுத்தமாகாது. அதனால் 0.020, அதாவது அரை மி.மீ. பெரிய பிஸ்டன். இங்கே ஒரு முக்கியமான விஷயம்: பிஸ்டனைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போர் போடச் சொல்லவேண்டும். அளவை வாயால் சொல்லிவிட்டு வரக்கூடாது. லேத்காரர் அந்தப் பிஸ்டனை அளந்து, அதற்குத் தேவையான இடைவெளி விட்டுப் போடுவார்.

போர் போட்டதும் ஹோனிங். சுவர் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால்தான் நல்லது என்று நினைப்போம் இல்லையா? அதுதான் இல்லை. வேண்டுமென்றே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல் போடுகிறார்கள், பாய் பின்னினது மாதிரி. அந்தக் கீறல்களின் பள்ளத்தில் ஆயில் தங்கும். மேடுகளை முதல் சில நூறு கிலோமீட்டரில் புது ரிங் தேய்த்துச் சமமாக்கும், தானும் தேய்ந்து சுவரின் வடிவத்துக்கு வரும். இரண்டும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டுதான் பொருந்துகின்றன. வழவழப்பான சுவரில் ரிங் வழுக்கிக்கொண்டு போகுமே தவிரப் பொருந்தாது. ரிங் மட்டும் மாற்றுகிற பட்டறைகளில் பலர் விடுவது இதைத்தான். போர் அளவு சரியாகவே இருந்தாலும், பழைய பளபளப்பை ஹோன் பண்ணி எடுக்காமல் புது ரிங் போட்டால் அது சேராது.

திரும்பி வந்த சிலிண்டரை அண்ணன் பெட்ரோலில் கழுவுவார் என்று எதிர்பார்த்தேன். துணி துவைக்கிற சோப்பும் வெந்நீரும் கேட்டார்! பெட்ரோல் ஆயிலைக் கரைக்கும், ஆனால் கீறலுக்குள் சிக்கியிருக்கும் ஹோனிங் கல்லின் பொடியை வெளியே கொண்டுவராது. அந்தப் பொடி உள்ளே தங்கினால் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற மாதிரி புது ரிங்கைத் தின்றுவிடும். சோப்பு நுரை அதைத் தூக்கிக்கொண்டு வரும். மூன்று தடவை தேய்த்துக் கழுவி, காயவைத்து, வெள்ளை வேட்டித் துணியில் ஆயில் தொட்டுத் துடைத்தார். துணியில் சாம்பல் நிறம் வந்தது. மறுபடி கழுவினார். துணி வெள்ளையாகவே வரும்வரை விடவில்லை.

இப்போதுதான் ரிங். முதலில் பார்த்த சோதனையையே மறுபடி, ஆனால் இந்தத் தடவை ரிங் இடைவெளி சரியா என்று பார்க்க. மெக்கானிக்குகள் சொல்லும் கணக்கு, ஒரு இன்ச் போருக்கு ஆயிரத்தில் நாலு இன்ச். 70.5 மி.மீ. என்பது 2.78 இன்ச். ஆக ஆயிரத்தில் 11 இன்ச், அதாவது 0.28 மி.மீ. புது ரிங்தானே, பாக்கெட்டிலேயே சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடக்கூடாது. ஏன் இடைவெளி வேண்டும்? ரிங்கின் சுற்றளவு சுமார் 221 மி.மீ. வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு ஒரு லட்சத்தில் 1.1 பங்கு விரியும். சுவரைவிட ரிங் 100 டிகிரி அதிகம் சூடாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 0.24 மி.மீ. நீளும். இடைவெளி அதற்கும் குறைவாக இருந்தால் இரண்டு முனையும் முட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் விரிய இடமில்லாமல் சுவரை நெம்பும், கோடு போடும், உடையும். ஆக, கொஞ்சம் கூடுதலாக இருந்தால் லேசாகக் கசியும், அவ்வளவுதான். குறைவாக இருந்தால் இன்ஜினே போகும். ஒரு ரிங் 0.20 காட்டியது. சின்ன அரத்தால், வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக மட்டும் இழுத்து இழுத்து, பொறுமையாக அளவுக்குக் கொண்டுவந்தார்.

பிறகு ஒவ்வொரு ரிங்கையும் அதன் பள்ளத்தின் சுற்றளவு முழுக்க உருட்டிப் பார்த்தார், எங்காவது சிக்குகிறதா என்று. சிக்கவில்லை. மாட்டும் வரிசை கீழிருந்து மேல்: ஆயில் ரிங், இரண்டாவது ரிங், கடைசியில் மேல் ரிங். 'டாப்' என்று குறி இருக்கும் பக்கம் மேலே பார்க்கவேண்டும். வார்ப்பிரும்பு ரிங் முறுக்கினால் அப்பள மாதிரி ஒடியும். அதனால் மெல்லிய தகடு மூன்றைப் பிஸ்டனில் வைத்து அதன்மேல் சறுக்கி இறக்கினார். மூன்று ரிங்கின் வெட்டும் ஒரே நேர்க்கோட்டில் வந்தால் வாயுவுக்கு நேர்வழி கிடைத்துவிடும். 120 டிகிரி தள்ளித் தள்ளி வைத்தார். (ஆர்.எக்ஸ். 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்தச் சுதந்திரம் கிடையாது. சுவரில் ஜன்னல் மாதிரி போர்ட் இருப்பதால் ரிங்கின் முனை அதில் மாட்டிவிடாமல் பள்ளத்திலேயே ஒரு ஊசி வைத்து நிறுத்தியிருப்பார்கள். அந்த ஊசிக்கு நேராக வெட்டை வைக்கவேண்டும்.)

சிலிண்டரைப் பிஸ்டன்மேல் இறக்க இரண்டு பேர் வேண்டும். பிஸ்டனுக்கு அடியில் இரண்டு மரத்துண்டு வைத்து ஆடாமல் நிறுத்தினார்கள். சிலிண்டரைத் தூக்கிப் பிடிக்கிற வேலை எனக்கு. அண்ணன் விரலால் ரிங்கைச் சுருக்கிப் பிடிக்க, "மெதுவா தம்பி, மெதுவா... எங்க நிக்குதோ அங்கேயே நிறுத்துங்க. அழுத்தாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வார்ப்பிரும்பு சிலிண்டர் கனம்! தடுக்கினால் அழுத்தத்தான் கை போகும். அழுத்தினால் ரிங் ஒடியும். ஒன்று, இரண்டு, மூன்று... மூன்றாவது உள்ளே போனதும் கிக்கரைக் கையால் மெதுவாக இறக்கிப் பார்த்தார். எங்கும் பிடிக்காமல் ஒரே சீராகப் போனது.

கிளப்பியபிறகும் பாதி வேலை பாக்கி. புது ரிங் போட்ட வண்டியை ஒரு மாசம் பூ மாதிரி ஓட்டவேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ரொம்பப் பூவாக ஓட்டினால் வாயு அழுத்தம் போதாமல் ரிங் சுவரோடு சேராது. சேராமல் ஆயில் எரிந்து சுவரில் வார்னிஷ் மாதிரி படிந்துவிட்டால் அப்புறம் சேரவே சேராது. அதற்காக முறுக்கினால் சூட்டில் சீஸ். அண்ணன் சொன்னது நடு வழி: கிளப்பிச் சும்மா உறுமவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள், ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் போகாதீர்கள். மிதமாக வேகம் எடுங்கள், விடுங்கள், மறுபடி எடுங்கள். டாப் கியரில் திணற விடாதீர்கள். முன்னூறு கிலோமீட்டரில் முதல் ஆயிலை வடித்துவிடுங்கள். (வடித்தபோது பார்த்தேன். வெயிலில் ஜிகினா மாதிரி மின்னியது, ரிங்கும் சுவரும் தேய்த்துக்கொண்ட தூள்.)

கூட்டமுள்ள ரோட்டில் இப்படி ஓட்ட முடியாது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபிறகு வண்டலூர்–ஊரப்பாக்கம் பக்கம் கேட்கவே வேண்டாம். அதனால் மாமா ஞாயிறு விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பி சிங்கபெருமாள் கோவில் வரை போய் நரசிம்மரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதை வழக்கமாக்கினார். மூன்றாவது வாரம் பின்னால் நானும் உட்கார்ந்து போனேன். இப்போது கிக்கர் முன்னைவிட இறுக்கமாக இருக்கிறது. டீகம்ப்ரஸர் பிடிக்காமல் இறக்கவே முடியவில்லை.

ஆறு மாசம் ஆகிறது. புகை இல்லை. ஆறு மாசம்தானே, போன தடவையும் நாலு மாசம் நின்றதே என்று நீங்கள் கேட்கலாம். அத்தையும் அதைத்தான் கேட்டார். பதில் நோட்டில் இருக்கிறது. போன இரண்டு தடவையும் மூன்றாவது மாசத்திலிருந்தே ஆயில் ஊற்ற ஆரம்பித்திருக்கிறார். இந்தத் தடவை ஆயில் மாற்றிய தேதிகள் இருக்கின்றன, நடுவில் ஊற்றிய வரி ஒன்றுகூட இல்லை. புகை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே ஆயில் அளவு சொல்லிவிடும்.

உங்க வண்டியும் நீலமாகப் புகைத்தால், "ரிங் மாத்தணும்" என்று மெக்கானிக் சொன்னவுடனே தலையாட்டாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். ஆயில் ஊற்றிக் கம்ப்ரஷன் பார்த்தீங்களா? ரிங்கைப் போர்ல வெச்சு மேல எவ்வளவு, கீழ எவ்வளவு அளந்தீங்களா? ரிங் மட்டும்னாலும் ஹோன் பண்ணுவீங்களா? மூன்றுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் தைரியமாக வண்டியை விடலாம்.

மாமா ஜி.பி. ரோட்டில் வாங்கிய அந்த மூன்றாவது ரிங் செட் என்ன ஆச்சு? பிரித்ததைக் கடையில் திருப்பி வாங்கமாட்டார்கள். அண்ணன் மேஜை டிராயரில் இருக்கிறது. அடுத்த புல்லட் வந்தால் போர் அளக்கிற கேஜ் அதுதான் :-)